மோடம் சிடிக்கு வைத்த பொட்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாயின் எஸ்.டி.டி. பூத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். போன், ஜெராக்ஸ், கடைசியாக வந்த கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. நான் பத்தாவதோடு நின்றவள். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் என்னை 'மேடம்' என்றார்கள்.

அந்த நாற்காலிக்குத்தான் ராஜகுளத்துக்காரி வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டுத் திருப்புலிவனத்துக்கு மருமகளாக வந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். முதல் வாரமே பாய் சொல்லிவிட்டார்.

"நீ ஜெராக்ஸ் பாத்துக்கம்மா. அது படிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர் பாக்கட்டும். ஒரு மாசம் பாப்போம், சரிப்படலன்னா நீயே உக்காந்துக்கோ."

அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றேன். அவள் பார்க்காமலே டைப் அடிப்பாள். அவள் பேசினால் பாய் சிரிப்பார். மல்லிப்பூகூட அவள் தலையில்தான் சாயங்காலம் வரை வாடாமல் இருப்பதாகத் தோன்றும்.

மாதம் முடிகிற சமயம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. 'இங்கு இன்டர்நெட்டில் ரிசல்ட் பார்க்கப்படும்' என்று பாய் போர்டு மாட்டினார். ரிசல்ட்டுக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் தொண்ணூற்றெட்டை மறுபடியும் போட்டாள். சவுண்ட் வந்தது, பிரிண்டர் வந்தது. நான் பின்னால் நின்று, எதை அமுக்குகிறாள், எங்கே போகிறாள் என்று பார்த்து, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

போன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடம் மட்டும் வரவில்லை. அதன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது.

"டிரைவர் கேக்குது பாய்" என்றாள். "மோடம் கூட வந்த சிடி வேணும்."

"நாளைக்கு ஊரே வந்து நிக்கும். பேஜார் பண்ணிடாதம்மா" என்று சொல்லிவிட்டு பாய் சாயங்காலத் தொழுகைக்குப் போனார்.

சிடிகள் என் டிராயரில் இருந்தன. என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது பாய் எப்போதோ போட்ட சட்டம். மோடம் சிடியை நானே உறையிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் தட்டில் வைத்தேன். உள்ளே உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. நாலு முறை அப்படியே. அவள் நெற்றியில் வியர்வை. எனக்குக் குளிர்ந்த மோர் குடித்ததுபோல இருந்தது.

ஐந்தாவது முறை வெளியே எடுத்தபோதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பளபளப்பின் நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் வைத்த பொட்டு. "உங்க வழக்கத்த நீ பண்ணிக்கோ, பொரி மட்டும் எனக்கு எடுத்து வை" என்று ஆயுத பூஜைக்கு பாய் விடுவார். போன், மீட்டர், மவுஸ் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு மோடம் சிடிக்கும் வைத்திருந்தேன். கண்ணாடிபோல் இருக்கும் பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் படிப்பதே அந்தப் பக்கத்தைத்தான் என்று அப்போது தெரியாது.

"சிடி போச்சா? குடுக்கா, பாக்கறேன்."

"பாய் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு" என்று உறையில் போட்டு டிராயரைச் சாத்தினேன்.

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "சரிக்கா. ஏனாத்தூர்ல என் ஃபிரண்டு வூட்ல இதே மோடந்தான் கீது. காலைல போயி அந்த சிடிய வாங்கிக்கினு வந்துடறேன்."

அவள் கொண்டு வந்துவிட்டால் நாற்காலி அவளுக்குத்தான். மறுநாள் எட்டு மணிக்கே போய்க் கடையைத் திறந்தேன். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். குங்குமம் போனது, லேசான சிவப்பு மட்டும் தங்கியது. தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அமுக்கினேன். இந்தமுறை உறுமல் நிற்கவில்லை. மஞ்சள் கேள்விக்குறி மறைந்தது. டயல் செய்ததும் மோடம் கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கியது. அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பாய் உள்ளே வந்து சத்தத்தைக் கேட்டார்.

"எடுத்துக்கிச்சா? பாத்தியா, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான். நேத்து போறதுக்குள்ள முடிச்சிட்டுத்தான் போயிக்கீது."

நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்று ஓடாத சிடி இன்றைக்கு எப்படி ஓடியது என்று அவள் வந்து கேட்டால் பொட்டு விஷயம் வெளியே வந்துவிடுமே. எழுந்து ஜெராக்ஸ் பக்கம் போனேன்.

ஒன்பதரைக்கு அவள் ஓடி வந்தாள். கைப்பையிலிருந்து சிடி உறை எட்டிப் பார்த்தது. பாய் பாராட்ட ஆரம்பித்ததும் அப்படியே நின்றாள். திரையைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த சிடியை எடுத்துத் திருப்பி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு தன் சிடியைப் பைக்குள் ஆழமாக அமுக்கிவிட்டு, "ஆமா பாய், ஒரு வழியா எடுத்துக்கிச்சு" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் நெரித்தது. "எம்மா, எம் பொண்ணு நம்பர பாரும்மா" என்று ஒருவர் அவளையே கும்பிட்டார். நான் பிரிண்டரில் வந்த மார்க் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் பார்ப்போம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

என் வேலையைத் திருடிக்கொண்டாள் என்று பல மாதம் மனதுக்குள் திட்டினேன். அந்த வருட ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு நான் வந்தபோது, அவள் எல்லா சிடிகளையும் டிராயரில் போட்டுப் பூட்டினாள். சாவியை என் முன்னால் நீட்டினாள்.

"இதுக்கு வைக்கா."

பாய் பக்கத்திலேயே பொரி தின்றுகொண்டிருந்தார். சிடியில் இருந்த பொட்டைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. சாவிக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.