அறுபத்தெட்டாம் பாகத்தோடு நின்ற கப்பல்

புத்தளம் தில்லையடியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், முஃப்லிஹாவின் வாசலில் சற்று நின்று, உள்ளே ஏதோ சண்டை நடக்கிறதென்று நினைத்துத் திரும்பிப் போனதுண்டு. சண்டை டீவியோடுதான். தையல் மெஷினுக்கு எதிரே, அலுமாரிக்குப் பக்கத்தில் டீவி இருந்தது. காலையில் அவள் மெஷினில் உட்கார்ந்தால் பின்னேரம் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இரண்டும் சேர்ந்தே ஓடும். கண் துணியில் இருக்கும், காது டீவியில் இருக்கும். பிழையான ஒரு வசனம் காதில் விழுந்துவிட்டால் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகு அன்றைக்குத் தையல் கொஞ்சம் பிந்தும்.

பழைய படங்கள் என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரு மரியாதை. முஃப்லிஹாவுக்கு இல்லை. அவளுடைய கணவர் உசனார் பாலாவி உப்பளத்திலிருந்து லொறியில் உப்பு ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பகலில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் சோற்றுக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து, அந்தக் காலம் போல வருமா என்று தொடங்குவார். அவள் விடமாட்டாள். பாதிப் படத்தில் பெண்சாதிக்குக் கன்னத்தில் அடிக்கிறான், கடைசியில் அடிவாங்கியவளே காலில் விழுகிறாள், அவன் பெரிய மனதோடு தூக்கிவிடுகிறான், இதையா நல்ல காலம் என்கிறீர்கள் என்று கேட்பாள். கண் தெரியாத பெண்ணுக்குப் படியில் விழுந்ததும் பார்வை வந்தால், அக்கம்பக்கத்து மாமிமார் கண்ணைத் துடைப்பார்கள், இவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, இப்படிப் பார்வை வருமென்றால் ஆஸ்பத்திரிக்குப் படிக்கட்டு மட்டும் கட்டினால் போதுமே என்பாள். எல்லாவற்றையும் விட உடுப்புத்தான் அவளுக்கு ஆத்திரம் மூட்டும். ஓலைக் குடிசையில் கஞ்சிக்கு வழியில்லாதவளுக்கு உள்துணி வைத்துத் தைத்த சட்டை. சேலையில் ஒரு கிழிசல், அதுவும் கத்தரிக்கோலால் வெட்டிய கிழிசல். உடுத்து உடுத்துக் கிழிந்த துணி எப்படி இருக்கும் என்று படம் எடுத்தவர்களில் ஒருத்தருக்குமா தெரியாது என்று அவள் கேட்பாள். உசனாரின் கோப்பையில் சோறு ஆறிப் போகும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு தொடர் பிடித்துப் போனது. பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தமிழ் அலைவரிசை போட்ட, வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த தொடர். ஒரு கோளின் சூரியன் மங்கிப் போகிறது. நாலாயிரம் சனம் ஒரு விண்கப்பலில் ஏறி, இருக்க ஓர் இடம் தேடி அலைகிறது. கப்பலின் தலைவி ஒரு பெண். முதல் நாள் முஃப்லிஹா வழக்கம்போல் சட்டையைத்தான் கவனித்தாள். நாலாயிரம் பேருக்கும் ஒரே மாதிரி உடுப்பு, ஒன்றிலும் தையல் வரி இல்லை, பை இல்லை. இவர்கள் முகம் துடைக்கிற லேஞ்சியை எங்கே வைப்பார்கள் என்று முறைத்தாள். ஆனால் ஒன்பதாம் பாகத்தில் தண்ணீருக்காகக் கப்பலுக்குள் வரிசை நின்றார்கள். ஒரு கிழவி தன் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாளிக்கு இடம் உண்டா, ஆளுக்குத்தான் இடமா என்று பெரிய சண்டை வந்தது. முஃப்லிஹா மெஷினை நிறுத்தினாள்.

இதை எழுதினவர் எங்கேயோ ஒரு குழாயடியில் நின்றிருக்கிறார் என்று அன்று மாலை பக்கத்து வீட்டு ஸும்ராவிடம் சொன்னாள். அகதி முகாமில் பதினேழு வயதிலிருந்து அதே வாளிச் சண்டையைப் போட்டவள் முஃப்லிஹா. அன்றிலிருந்து மூன்று மணிக்கு அவளுடைய வீட்டில் துணி அளவெடுப்பது கிடையாது.

அறுபத்தெட்டாம் பாகத்தின் கடைசியில் கப்பல் ஒரு வெளிச்சத்தைக் கண்டது. ‘தொடரும்’ என்று போட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு ஒரு சமையல் போட்டி வந்தது. அதற்கு அடுத்த நாளும் அதுவே. நாலாம் நாள் அவள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள்.

“அந்த நேரம் டீவி பாக்குறது வீட்டுப் பொம்பளைகள் ஆன்ட்டி. அவங்களுக்கு இந்த விண்வெளிக் கதையெல்லாம் விளங்காது எண்டுதான் நிப்பாட்டினாங்க.”

முஃப்லிஹா போனை வைத்த பிறகு ஒரு காற்சட்டைக்கு இரண்டு காலையும் ஒரே பக்கத்துக்குத் தைத்துவிட்டாள். அதைப் பிரித்து எடுக்கும்போது ஒவ்வொரு நூலாக வெட்டி வெட்டி அவளுடைய கோபம் ஏறியது. தொடரை நிறுத்தியதைக் கூடப் பொறுத்திருப்பாள். விளங்காது என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, கையெழுத்துச் சேர்க்கப் புறப்பட்டாள். ஸும்ரா முதலில் போட்டாள். மீன் கடைக்காரரும் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு லெப்பையும் தொடரைப் பார்த்து வந்தது அப்போதுதான் தெரிந்தது. லெப்பை தன் பெயரைச் சின்னதாக எழுதினார். புத்தளம் நகரில் ஒரு வீட்டில் குலசேகரம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் கதவைத் திறந்தார். யுத்தக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து தங்கியவர். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே உள்ளே போய் ஒரு தடித்த கொப்பி கொண்டுவந்தார். அறுபத்தெட்டுப் பாகத்தின் சுருக்கமும் திகதியோடு அதில் இருந்தது.

கடிதத்தை அவரே எழுதினார். ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று முடித்திருந்தார். தாழ்மையை வெட்டுங்கள் என்றாள் முஃப்லிஹா. நாற்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவருக்கு அது கஷ்டமாக இருந்தது. கால்மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு வெட்டினார்.

நூற்றுப் பதினொரு கையெழுத்தோடு இரண்டு தடவை பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பதில் இல்லை. நேரில் போவோம் என்று அவள் சொன்னபோது, நாடகத்துக்காகக் கொழும்புக்குப் போகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று உசனார் சொன்னார். ஆனால் விடியவே எழுந்து அவளையும் தபாலதிபரையும் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். பஸ் முந்தல் தாண்டும் வரை குலசேகரம் கொப்பியைப் படித்தார். சிலாபத்துக்குப் பிறகு தூங்கிவிட்டார்.

நிலையத்தின் வாசற் காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டான். சமையல் போட்டி போட்டவரை என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். பத்து மணியிலிருந்து லுஹர் தொழுகை நேரம் கழியும் வரை பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி வைத்தார்கள். பிறகு ஓர் இளம் அதிகாரி சிரித்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. கெமராவுக்கு முன்னால் நின்று இரண்டு வசனம் பேசினால் ‘விண்வெளி ஆன்ட்டி’ என்று போடலாம், சனம் ரசிக்கும் என்றார்.

“தம்பி, நான் உங்களுக்குச் சிரிப்புக் காட்ட வரல்ல. அறுபத்தொன்பதாம் பாகம் எங்க?”

இன்னும் எட்டுப் பாகம் இருப்பதாகவும், குரல் கொடுத்து முடித்து அப்படியே கிடப்பதாகவும், போட நேரம் இல்லை என்றும் அவர் சொன்னார். முஃப்லிஹா எழும்பவில்லை.

“வீட்டுப் பொம்பளைகளுக்கு விளங்காது எண்டு போன்ல உங்கட பிள்ளை சொன்னா. எனக்கு விளங்கினதச் சொல்றன், இருந்து கேளுங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் இருந்தார். அவள் முதலாம் பாகத்திலிருந்து தொடங்கினாள். யார் யாருக்கு என்ன உறவு, தண்ணீர் எப்படிக் குறைந்தது, கப்பலுக்குள் பிறந்த பிள்ளைகள் ஏன் தாய்மாரோடு கோபித்தார்கள் என்று அரைமணி நேரம் சொன்னாள். நாற்பத்தோராம் பாகத்தில் தலைவியின் கூடப்பிறந்த ராத்தாவை உம்மா ஆக்கிக் குரல் கொடுத்துவிட்டீர்கள், அதனால் அடுத்த மூன்று பாகம் விளங்காமல் போனது, அது எங்கள் குற்றமா என்று கேட்டாள். குலசேகரம் கொப்பியைத் திறந்து திகதியைக் காட்டினார். பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து பேர் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ‘குடிங்க ஆன்ட்டி’ என்று ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொலைபேசியில் பேசிய பெண் அவள்தான் என்று குரலில் தெரிந்தது.

மூன்று கிழமை கழித்து, ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எந்த அறிவித்தலும் இல்லாமல் அறுபத்தொன்பதாம் பாகம் வந்தது. பத்திரிகையின் நிகழ்ச்சிப் பட்டியலில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் தபாலதிபர். ஆறு மணிக்குப் போட்டதற்கும் முஃப்லிஹா கோபித்தாள். கோபித்துக்கொண்டே ஸுபஹ் தொழுத பாயை மடித்து வைத்துவிட்டு எட்டு ஞாயிறும் பார்த்தாள்.

எட்டாவது ஞாயிறு கதை முடிந்தது. மங்கிய சூரியன் திரும்ப ஒளி பெற்றுவிட்டதாம். இருபது வருடத்துக்குப் பிறகு கப்பல் பழைய கோளிலேயே இறங்கியது. தலைவி தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். மேசையில் அவள் விட்டுப்போன கோப்பை அப்படியே இருந்தது. சட்டைக் கையால் தூசியைத் துடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியம் முழங்கியது.

முஃப்லிஹா ரிமோட்டை எடுத்து டீவியை அணைத்தாள். வடக்கிலிருந்த முஸ்லிம்களை இயக்கம் விரட்டிய நாளில் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி இருபது வருடம் கழித்து, யுத்தம் முடிந்த பிறகு, அவளும் தன் வீட்டைப் பார்க்கப் போனாள். கதவு இருக்கவில்லை. கூரையும் இருக்கவில்லை. குசினி நடுவே முள்ளோடு ஓர் உடை மரம் வளர்ந்து நின்றது. மரத்தில் ஆடு கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் அவளைப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதை அவள் உசனாரிடம் கூடச் சொன்னதில்லை.

குலசேகரத்துக்கு அழைத்தாள். அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. அழுதிருக்கிறார். நல்ல முடிவு என்றார்.

“பொய் முடிவு ஐயா. வாளிச் சண்டைய எழுதின ஆள் இத எழுதல்ல. வேற ஆரோ எழுதியிருக்கான்.”

“நான் இன்னும் என்ர வீட்டைப் போய்ப் பாக்கேல்லை, பிள்ளை. எனக்கு இது காணும், போதும்.”

“எனக்குக் காணாது.”

அன்றைக்கு அவள் அவரிடம் உடை மரத்தைப் பற்றியும் ஆடு கட்டியவரைப் பற்றியும் முதல் தடவையாகச் சொன்னாள். சமாதானமான குரலில் அல்ல, குற்றம் சாட்டுகிற குரலில். அவர் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இரண்டு கிழமை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தான் கொடுமை செய்துவிட்டோமோ என்று அவளுக்கு இடையிடையே தோன்றியது. ஆனாலும் அந்தக் கோப்பையை நினைத்தால் ஆத்திரம் மறுபடி வந்துவிடும்.

மூன்றாம் கிழமை தபாலதிபர் தானாகவே வந்தார். உசனார் கதிரை போட்டார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, தொடரை எடுத்தவர்களின் வெளிநாட்டு முகவரியை மகன் கௌசிகன் தேடித் தந்திருக்கிறான் என்றார்.

“நீங்கள் சொல்லுங்கோ. நான் இங்கிலீசில எழுதுறன். எனக்கு உங்கட கருத்தில்லை, ஆனா எழுதுறன்.”

அவள் சொன்னாள். மெஷின் நின்றிருந்தது, இரண்டு மணி நேரம் சொன்னாள். கதவில் தொடங்கினாள், கூரைக்குப் போனாள், மரத்துக்குப் போனாள். நாலாயிரம் பேரில் ஒருத்தருடைய வீட்டிலாவது வேறு ஆட்கள் குடியிருந்திருக்க வேண்டாமா என்று கேட்டாள். சில இடங்களில் அவர் பேனையை நிறுத்தி, வடிவாய்ச் சொல்லுங்கோ என்றார். இந்தத் தடவை கடிதத்தில் தாழ்மை என்ற சொல்லே வரவில்லை.

கடிதம் போய் ஐந்து மாதமாகிறது. பதில் வரவில்லை. வெளிநாட்டுத் தபால் அப்படித்தான் என்று குலசேகரம் சொல்கிறார். முஃப்லிஹாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. போன கிழமை குலசேகரம் மகனோடு கிளிநொச்சிப் பக்கம் போய்த் தன் வீட்டு வளவைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கண்டார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கிருந்து ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கதாநாயகி தீக்குள் ஓடியும் சேலைக் கரை கூடக் கருகாததைப் பற்றி அவள் திட்டுவதை, சாயங்காலம் வரை இருந்து கேட்டார்.