பூட்டு இல்லாத லாச்சி

மச்சாளின் தையல் மெசினில் இடது பக்கம் ஒரு சின்ன இழுப்பு லாச்சி உண்டு. அதன் குமிழ் எப்போதோ கழன்றுபோக, அந்த ஓட்டையில் கறுப்பு நூலை முறுக்கி வளையமாகக் கட்டியிருந்தாள். பூட்டு இல்லை. இழுத்தால் மெசின் எண்ணெய் மணக்கும். உள்ளே பொபின்கள், சோக்குக்கட்டிகள், பல்லுப்போன காற்சட்டைச் சிப்புகள், ஒரு பழைய பால்மாத் தகர ரின் நிறையச் சட்டைப் பொத்தான்கள். அந்த ரின்னுக்கு அடியில், முகம் குப்புற, என்னுடைய கைத்தொலைபேசி ஒரு திருவிழாக் காலம் முழுவதும் கிடந்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் ரின்னை அசைத்தால் பொத்தான்கள் சலசலக்கும். அந்தச் சத்தம் பின்னால் அடுப்படிக் குசினிவரை கேட்கும் என்பது மச்சாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். அரியாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் மெசினைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். வாய் கொஞ்சம் நீளம். அளவு எடுக்க வருகிறவர்களிடமே "போன தைப்பொங்கலுக்கும் இப்பவுக்கும் ரெண்டு இஞ்சி கூடிட்டியள்" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தேநீர். காலையில் தொடங்கினால் படுக்கும்வரை பத்துக் குவளை போகும். சீனி போடும்போது கை கூசவே கூசாது.

என் கெட்ட பழக்கம் அந்தத் தொலைபேசிக்குள் இருந்தது. மதில் கட்டி, படை சேர்த்து, ஒரு நகரத்தைக் காக்கும் விளையாட்டு. கணவருக்கு வவுனியாவில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியப் போய்விடுவார். மகனுக்கு அப்போது நான்கு வயது. அவன் கைக்குழந்தையாக இருந்த நாட்களில் பொழுதுபோக்காகத் தொடங்கியது, மூன்று வருடத்தில் என்னை ஐம்பது பேர் கொண்ட ஒரு கூட்டணியின் உபதலைவி ஆக்கிவிட்டிருந்தது. கனடாவில் பாரவூர்தி ஓட்டுகிற ஒருவர், நோர்வேயில் ஒரு மாணவன், முல்லைத்தீவில் ஒரு பெண். ஒருவர் முகத்தையும் நான் கண்டதில்லை. வீட்டில் உப்பு முடிந்தது தெரியாது. அந்த நகரத்துக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை தானியம் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன். அங்கே எனக்கு மரியாதை இருந்தது. இதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். கறிக்குப் புளி காணுமா, இன்னும் விட வேண்டுமா என்பதற்கு மேல் யாரும் என்னிடம் எதையும் கேட்காத ஒரு காலத்தில், ஐம்பது பேர் "அக்கா, இப்ப அடிக்கவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கைவைத்தார்கள்.

ஒரு நாள் போர் பதினொரு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. மகனின் முன்பள்ளி பதினொன்றரைக்கு விடும். அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போர் முடியவில்லை. எதிரிகளின் மதில் ஒன்று விழும் தறுவாயில் படலை திறந்த சத்தம் கேட்டது, சைக்கிளை மாமரத்தில் சாத்திய சத்தம் கேட்டது, யாரோ என்னைக் கூப்பிட்டதும் கேட்டது. நான் தலையை நிமிர்த்தாமல் இடது கையை மட்டும் உயர்த்தி, "ஒரு நிமிசம், வாறன்" என்றேன். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு குசினியில் கோப்பைச் சத்தம். வென்றோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மகன் குளித்து, தலை வாரி, மச்சாளின் மடியில் இருந்தபடி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ரயில் கடவையடியிலை நிண்டவன்" என்றாள் மச்சாள். "நான் பெரியம்மா வீட்டுச் சட்டையைக் குடுத்திட்டு வாறன், இவன் தனிய நிக்கிறான். கோச்சி பாக்கிறானாம்."

மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு சேர்ந்து அவனும் வெளியே வந்திருக்கிறான். என்னைக் காணாமல், தெரிந்த வழியில் தானாகவே நடந்திருக்கிறான். அந்தக் கடவைக்குக் காவலாளும் இல்லை, தடுப்புத் தடியும் இல்லை. அழுதேன். அழுதுகொண்டே நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இவருக்குச் சொல்லிப்போடாதையும், மச்சாள்." மகனைத் தூக்கியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"நான் சொல்லமாட்டன். சொல்லுறது உங்கடை வேலை" என்றாள். "ஆனா உதை விடுங்கோ."

அடுத்த கிழமை நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம். கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்துவிடும். திருவிழா இருபத்தைந்து நாளும் மச்ச மாமிசம் கிடையாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடியேறின நாளிலையிருந்து விடுறன். கந்தனுக்கு நேர்ந்து விடுறன்" என்றேன். மச்சாள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அப்ப நானும் தேத்தண்ணியை விடுறன். நீங்கள் தனியக் கிடந்து அந்தரிக்க வேண்டாம்" என்றாள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஊரில் ஆட்டிறைச்சிக் கடைகளில் எப்படிக் கூட்டம் நெரியுமோ, அப்படி அந்தக் கிழமை முழுவதும் நான் ஆசை தீர விளையாடினேன். மகனை மட்டும் மச்சாள் போய்க் கூட்டி வந்தாள்.

கொடி ஏறியது. சிம்மைக் கழற்றி மச்சாளின் பழைய பொத்தான் தொலைபேசியில் போட்டோம். என்னுடையது லாச்சிக்குள் போனது.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்தியில் கழிந்தது. இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு என் பெருவிரல் தானாக அசையத் தொடங்கியது. மகனை நித்திரையாக்க முதுகில் தட்டினால், தட்டுவது தாலாட்டு இல்லை, படை அனுப்புகிற தட்டு. குக்கர் விசில் அடித்தால் போர் முரசு என்று எழும்பி நிற்பேன். முன்னறைக்கும் குசினிக்கும் நடந்தேன். கிணற்றடிக்குப் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன், காய்ந்ததும் மறுபடி தோய்த்தேன். இப்போது யார் அங்கே கட்டளை கொடுக்கிறார்கள்? நான் இல்லாமல் தோற்றிருப்பார்களா? தோற்றிருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். மூன்றாம் நாள் மகன் தண்ணீர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அவன் போய் மெசினுக்குக் கீழே இருந்துகொண்டான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மச்சாளின் நிலை என்னைவிட மோசம். தேநீர் இல்லாமல் தலையிடி. நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தாள். ஒரு சட்டைக்குக் கையை மாறி வைத்துத் தைத்துவிட்டு, அதை என் மடியில் எறிந்து, "பிரியுங்கோ" என்றாள். நான் பிரித்தேன். பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. ஊசியால் ஒவ்வொரு தையலாக எடுக்கும்போது விரலுக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும். பிரிக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் புழுக்கொடியல் தந்தாள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற சாமான். "உதைக் கடியுங்கோ அண்ணி. கடிச்சு முடியமுன்னம் அந்த ஆசை போயிடும்" என்றாள். உண்மையாகவே பெரும்பாலும் போய்விட்டது. அலை மாதிரி எழும்பும், ஒரு துண்டு கரைவதற்குள் தணியும், அடுத்த மணிக்குத் திரும்பவும் எழும்பும். பத்து நாளில் எனக்குத் தாடை வீங்கிவிட்டது. இரண்டு பேரும் சண்டை பிடித்தோம், மாறி மாறி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம், ஒருநாள் நான் ரின்னில் கைவைக்கப் பொத்தான் சலசலத்து, "ஓம், கேக்குது!" என்று குசினியிலிருந்து குரல் வந்ததும் இரண்டு பேருமே விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் நான் ஒரு பிழை விட்டிருந்தேன். எங்கள் ஆட்களுக்கே உரிய பிழை. விரதம் பிடிக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முடிகிற நாள் தெரியாமல் நாங்கள் ஒரு விரதமும் பிடிப்பதில்லை. நான் விட்டது விளையாட்டை அல்ல, நாட்காட்டியில் இருபத்தைந்து தாள்களைத்தான். சனிக்கிழமை வந்தால் இவர் நண்டுக்கறிக்கு நாள் எண்ணினார். நான் லாச்சிக்கு எண்ணினேன். தேருக்கு முதல் நாள், சப்பறத்தன்று, என் நகரத்தின் மதில்தான் கண்ணுக்குள் நின்றது. தேரன்று கந்தனைப் பார்த்துக் கும்பிட்டு, இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். எல்லாரும் நான் நன்றாகத் தேறிவிட்டேன் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருவிழாவின் கடைசிச் சடங்கான வைரவர் மடையும் முடிந்த மறுநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒழுங்கை முழுவதும் மீன் பொரிக்கிற வாசம். இவர் கொழும்புத்துறைக்குப் போய் நண்டு வாங்கி வந்து, குசினியில் மச்சாளோடு நின்று உடைத்துக்கொண்டிருந்தார். நான் முன்னறைக்குப் போய், சலசலக்கச் சலசலக்க ரின்னைத் தூக்கி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, விரதம் முடிந்துவிட்டதே. என் நகரம் சூறையாடப்பட்டுக் கிடந்தது. உபதலைவி வேறொருத்தி. ஆனாலும் "அக்கா வந்திட்டா!" என்று நான்கைந்து பேர் எழுதினார்கள். எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடம்பு முழுவதும் சந்தோசம்.

கத்தரிக்கோல் எடுக்க வந்த மச்சாள் வாசலில் நின்றாள்.

"விரதம் முடிஞ்சுதே மச்சாள். நீரும் போய்த் தேத்தண்ணியைக் குடியும்" என்றேன், கண்ணை எடுக்காமல்.

பின்னாலேயே இவர் தங்கைக்கென்று ஊற்றிய தேநீரோடு வந்தார். அவள் அதை வாங்கி மெசின் பலகையில் வைத்தாள். குடிக்கவில்லை. "நான் கந்தனுக்கு விடேல்லை அண்ணி, உங்களுக்கு விட்டனான்" என்றாள். "நீங்கள் விட்டிட்டன் எண்டு சொல்லுற அண்டைக்குத்தான் குடிப்பன்."

"என்ன கதை இது?" என்று இவர் கேட்டார். மச்சாள் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தத் தேநீரில் ஆடை படிகிறதைப் பார்த்துக்கொண்டே நான் ரயில் கடவையின் கதையைச் சொன்னேன். இடது கையை உயர்த்தியதையும் சொன்னேன். இவர் கத்தவில்லை. நண்டு மணத்த கையைக் கழுவிவிட்டு வந்து, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அன்று பின்னேரமே வவுனியாவுக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை வரவில்லை. திரும்பி வருவாரா என்றுகூட யோசித்தேன். வந்தார். பேசத்தான் நாளாகியது.

இவர் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கே அந்த நகரத்தை அழித்தேன். உறுதிதானா என்று திரை மூன்று தரம் கேட்டது. இந்தமுறை கொடியும் இல்லை, தேரும் இல்லை, முடிகிற நாளும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. இன்றைக்கு விட்டால் நாளைக்கும் விட வேண்டும், அதற்கு அடுத்த நாளும். யாரிடம் போய், எப்போது முடியும் என்று கேட்பது? அதே நடை, அதே புழுக்கொடியல், அதே பதினொரு மணி. மச்சாள் மெசினடியில் இருந்துகொண்டு சுடுதண்ணீர் குடித்தாள்.

அடுத்த வருடம் அவள் கலியாணம் முடித்து டென்மார்க் போனாள். மெசினை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே குளிருக்குள் நின்று வீடியோவில் கதைக்கும்போதும் கையில் சுடுதண்ணீர்க் கோப்பைதான். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டில், யாருடையதோ தொலைபேசியில் வேறொரு விளையாட்டை முக்கால் மணித்தியாலம் விளையாடிவிட்டு, அன்றைக்கே அவளுக்குச் சொன்னேன். "சரி, விடுங்கோ" என்றாள். கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அவளை நினைத்து ஆத்திரமாகவும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் குடித்துவிடுவாள். நான்கு வருடமாக எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. விட்டுவிட்டேன் என்று எந்த நாளில் சொல்வது? பெருவிரல் இன்னும் அசைகிறதே.

போன மாதம் வந்திருந்தாள். மகனுக்கு எட்டு வயது. தன் மாமியைக் கூட்டிக்கொண்டு போய் ரயில் பார்த்துவிட்டு வந்தான். அவள் களைத்துப்போய், பழக்க தோசத்தில் மெசினுக்கு முன்னால் இருந்தாள். நான் தேநீர் ஊற்றிக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன்.

"சொல்லப் போறியளோ?" என்று கேட்டாள்.

"விட்டிட்டன் எண்டு சொல்லத் தெரியேல்லை, மச்சாள். இண்டைக்கு விளையாடேல்லை. நேற்றும் இல்லை. நாளைக்கு என்னெண்டு தெரியாது."

அவள் கறுப்பு நூல் வளையத்துக்குள் விரலை விட்டு லாச்சியை இழுத்தாள். எண்ணெய் மணத்தது. பொத்தான் ரின்னுக்கு அடியில், முகம் குப்புற, என் தொலைபேசி கிடந்தது. மகன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அது அங்கேதான் கிடக்கும். அவள் வருகிறாள் என்று வைத்தது இல்லை. அவள் ரின்னை ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். சலசலத்தது. லாச்சியைத் தள்ளிச் சாத்திவிட்டு, குவளையை எடுத்து, ஊதி, ஒரு வாய் குடித்தாள்.

"சீனி காணாது, அண்ணி" என்றாள்.