அச்சு ஐந்து அங்குலம் பின்னால்

அரம் முன்னே போகும்போது மட்டும் அழுந்தியது. திரும்பி வரும்போது இரும்பைத் தொடாமல் காற்றில் வந்தது. வைஸில் இறுக்கியிருந்த, சக்கர அச்சு மாட்டும் தகட்டில் ஏழு துளைகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிசிறெடுத்து, கட்டைவிரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவி, திருப்தி வந்த பிறகே அடுத்ததற்குப் போனது கை. நான்காவது துளையில் விரல் நின்றது. மயிரிழை அளவுக்கு ஒரு நெருடல். மறுபடி அரம். மறுபடி விரல்.

இருநூற்றுச் சொச்சம் சக்கர நாற்காலிகள் செய்த கை அது. வந்தவர்கள் எல்லோருக்கும் நிதானமாகத்தான் செய்தது. ஐம்பத்து மூன்று வயதில், இந்த ஒன்றுக்குத்தான் ஒவ்வொரு துளையையும் இரண்டு தடவை சரிபார்த்தது. செய்துகொண்டிருந்தது சொந்தத் தங்கைக்கு. சனிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

தெருவில் அவருக்குச் சேர்க்காரர் என்று பெயர். அதற்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தார். கோணிப்போன ரிம்மை நேராக்குவதில் கெட்டிக்காரர். தங்கை இருபத்தைந்து வயதில் பேருந்துப் படியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் வீடு திரும்பியபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய நாற்காலி இரண்டாம் நாளே வாசற்படியில் பின்னால் கவிழ்ந்தது. தலையில் ஆறு தையல். அம்மா அன்று மகனைக் கூப்பிட்டு, இவள் இனி ஒரு தடவை விழுந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றாள்.

அவர் விழாத சேராகச் செய்தார். யாரிடமும் கேட்கவில்லை, எதிலும் படிக்கவில்லை. சைக்கிள் சக்கரம் இரண்டு, கட்டில் குழாய், கித்தான். பின் சக்கரங்களின் அச்சை முதுகுக்கு நன்றாகப் பின்னால் தள்ளிப் பற்றவைத்தார். யானை வந்து முட்டினாலும் அது சாயாது. அம்மாவுக்கு நிம்மதி. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். சைக்கிள் கடை மெல்ல மெல்லச் சேர்ப் பட்டறையாக மாறியது.

அந்த நாற்காலியில் ஒரே ஒரு கஷ்டம். தங்கை அதைத் தானாக ஓட்ட வேண்டுமென்றால் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ரிம்மைப் பிடிக்க வேண்டும். உடம்பின் பாரமெல்லாம் முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்துத் தள்ளலில் மூச்சு வாங்கும். பாவம், கையிலும் வலு இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். வந்து போகிறவர்கள் சொன்னார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அவளே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யாராவது எங்கேயாவது கூப்பிட்டால், "எனக்குக் கையில வலு இல்லைங்க, அண்ணன் இருந்தா வரேன்" என்பாள்.

மூன்றாவது வருஷம் பட்டறைக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். சின்ன வயதிலேயே கால் போனவர். நாற்காலி விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். புதிதாகச் செய்து வைத்திருந்த சேரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தள்ளுத் தள்ளிவிட்டு, இதை இழுக்க ரெண்டு மாடும் சேர்த்துத் தருவீங்களா என்று கேட்டார். சேர்க்காரருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வேலை என்று வந்தால் அவருக்கு ரோஷம் கிடையாது. எங்கே தப்பு என்று கேட்டார். கண்ணாடிக்காரர் காட்டினார். தோளிலிருந்து நூல் விட்டால் அது அச்சின் மேல் விழ வேண்டும். அப்போதுதான் கை போகிற இடத்தில் ரிம் இருக்கும், வண்டி சொன்னபடி கேட்கும். அங்கேயே வெட்டி முன்னால் நகர்த்தி ஒட்டினார் சேர்க்காரர். கண்ணாடிக்காரர் பட்டறை நடுவில் பம்பரம் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பட்டறையில் கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. யார் வந்தாலும் தோளில் நூல் பிடித்து அளந்தார். தையற்காரர்கூட இப்படி அளக்க மாட்டார் என்று தெருவில் கேலி. அவர் அளந்து சொல்லச் சொல்ல அளவுச் சீட்டில் எழுதியது தங்கை. இருக்கை அகலம் இவ்வளவு, முதுகு உயரம் இவ்வளவு, அச்சு தோளுக்கு நேர் கீழே. எட்டு வருஷம், ஒவ்வொரு சீட்டிலும், தன் கையாலேயே எழுதினாள். எழுதியது பிறருடைய உடம்பு. தன் நாற்காலியைப் பற்றி அவளுக்குத் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியது. கண்ணாடிக்காரர் போன அன்றே தங்கையின் நாற்காலியைப் பார்த்தார். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அம்மா இருக்கும்போது அச்சில் கைவைத்தால் வீடு இரண்டாகும் என்று தள்ளிப் போட்டார். அம்மா போன பிறகு வேலை நெருக்கடி என்று தள்ளிப் போட்டார். அதற்குள் வீடு அவளைச் சுற்றிப் பழகிவிட்டது. தொலைபேசியை எடுப்பது, சீட்டு எழுதுவது, அண்ணன் பிள்ளைகள் இரண்டுக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பது, அண்ணி தையல் ஆலையிலிருந்து வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். முப்பத்தாறு வயதிலும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பாப்பா எங்கும் போக மாட்டாள் என்பது சுவர் எங்கும் போகாது என்பது மாதிரி ஒரு நிச்சயம்.

அவள் யாருக்கும் சொல்லாமல் வேலைக்கு மனு போட்டிருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசிப் பிரிவு. நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். பின்கட்டில் தரைத் தளத்தில் தங்க ஒரு அறையும் உண்டு. நேர்முகத்துக்கு அண்ணன்தான் தள்ளிக்கொண்டு போனார். குரல், கையெழுத்து, பொறுமை எல்லாம் பிடித்துப்போயிற்று. கடைசியில் மேற்பார்வை பார்க்கிற அம்மா, பணியாளர் வாசலில் இருந்த சாய்தளத்தைக் காட்டி, இதில் தனியாக ஏறி வந்துவிடுவீர்களா என்று கேட்டார். தங்கை முயன்றாள். நான்காவது தள்ளலில் சக்கரம் நின்றது. ஐந்தாவதில் பின்னால் உருண்டது. அண்ணன் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"தினமும் உங்க அண்ணன் வந்து தள்ள முடியாது இல்லையா" என்றார் அந்த அம்மா, தணிவாகத்தான். மூன்று வாரம் தருகிறேன், அந்தத் திங்கட்கிழமை காலையில் தனியாக ஏறி வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டு வாசலில் அண்ணன் ஆறுதல் சொன்னார். "உன் கையில வலு இல்ல பாப்பா. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

ஒரு வாரம் கழித்து அவள் நாற்காலியின் கித்தான் கிழிந்தது. தைத்து முடிக்கும்வரை சும்மா உட்காரட்டும் என்று, டயர் மாற்ற வந்திருந்த கண்ணாடிக்காரரின் சேரில் அவளை இருத்தினார் அண்ணன். அதில் உட்கார்ந்தால் அவளுக்கு என்ன தெரிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.

கீழே விழுந்த பேனாவை எடுப்பதற்காக அவள் ரிம்மைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள், பழக்கமான வேகத்தில். நாற்காலி பாய்ந்து போய் எதிர்ச் சுவரில் இடித்தது. துளைபோடும் இயந்திரத்தின் மேலிருந்த ஆணி டப்பா கொட்டியது. அவள் திரும்பினாள். மெதுவாக ஒரு தள்ளு. பட்டறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை. மறுபடி. மூச்சு வாங்கவில்லை. பிறகு நேராக அலமாரிக்குப் போய்ச் சீட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தூக்குக்குண்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். அண்ணன் கொண்டுவந்தார். தன் பழைய நாற்காலியில் தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னாள். நூலைத் தோளில் தானே பிடித்துக்கொண்டு, குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்தாள். குண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் டேப்பை வைத்தாள். ஐந்து அங்குலம்.

"இது உனக்கு எப்போ தெரியும் அண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். அளவு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"கண்ணாடிக்காரர் வந்தப்ப."

"எட்டு வருஷம்."

"அம்மா பயந்தாங்க பாப்பா."

"அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு."

அவர் தூக்குக்குண்டை வாங்கி நூலைச் சுற்றினார். சாயங்காலம் அண்ணி வந்ததும் விஷயம் அடுக்களைக்குப் போனது. அண்ணி கெட்டவள் அல்ல, களைத்தவள். இத்தனை நாள் கண்ணுக்குள் வைத்துத்தானே பார்த்துக்கொண்டோம், இதற்கா இவ்வளவு கோபம் என்றாள். விழுந்து கிடந்தால் அங்கே யார் தூக்குவார்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளைகளின் பரீட்சை முடியட்டுமே என்றாள். தங்கை சிரித்தாள். "இப்பதான் அண்ணி உண்மையைச் சொன்னீங்க" என்றாள்.

மறுநாள் காலை அவள் புதுச் சீட்டு ஒன்றை எடுத்துத் தன் முழுப் பெயரை எழுதினாள். உடன் வருபவர் என்று இருந்த இடத்தில் கோடு போட்டாள். அளந்துகொள்ளச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் அவர் அவளை அளப்பது அதுதான் முதல் தடவை. பழையதைக் கண்ணளவில் செய்திருந்தார். இடது கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார், போனது. வலது கையைச் சொன்னார், பாதியில் நின்றது. தோளில் விரல் வைத்துப் பார்த்தார். உள்ளே நறநறவென்று மணல் அரைபட்டது போல இருந்தது.

"எத்தனை நாளா?"

"அஞ்சாறு வருஷம். வலு இல்லாத கை வலிக்கும்னு நினைச்சேன்."

அவர் டேப்பைச் சுருட்டி, மறுபடி விரித்தார். தேய்ந்த தோளைத் திருப்பிக் கொடுக்கிற வித்தை எந்தப் பட்டறையிலும் இல்லை. அந்தக் கை எவ்வளவு எட்டுமோ அதற்குத் தகுந்தபடி ரிம்மைக் கொண்டுவரத்தான் முடியும். அப்படியானால் அச்சு தோளுக்கு நேர் கீழே போதாது, முக்கால் அங்குலம் முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும். அதற்காகப் பின்னால் இரண்டு சின்னத் தாங்கு சக்கரங்கள் வைத்துப் பற்றவைத்துவிடுகிறேன் என்றார்.

"தாங்கு சக்கரம் இருக்கட்டும். பத்தவைக்காதே. போல்ட் போடு. எப்போ கழட்டணும்னு நான் பாத்துக்கறேன். அந்த ஸ்பேனர் என்கிட்டதான் இருக்கணும்."

அவர் சீட்டில் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்ச் சாய்தளத்தை அளந்து வந்தார். இருபத்திரண்டு அடி நீளம், இரண்டடி ஏற்றம். அதே சரிவில் பட்டறைக்கு வெளியே பலகையடித்தார். ஒவ்வொரு அச்சுத் தகட்டிலும் ஏழு துளை போட்டார், தோள் இன்னும் கெட்டாலும் தேறினாலும் அச்சை நகர்த்திக்கொள்ள. குழாயை மெல்லியதாகத் தேர்ந்தெடுத்தார். பழையதில் பாதி எடைகூட வரவில்லை. அவர் செய்ததிலேயே நல்ல நாற்காலி அது. டயர் மாற்றிய சேரை எடுத்துப்போக இன்னொரு சேரில் வந்த கண்ணாடிக்காரர் புதியதைத் தட்டிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். தங்கைக்கு என்றதும், அவர் சுவரோரம் நின்ற பழைய நாற்காலியைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், சேர்க்காரரைப் பார்த்தார். வாயாடி மனிதர், அன்று டயருக்கான பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அந்த இரண்டு வாரம் சாப்பாடு வந்தது, சீட்டு எழுதப்பட்டது, பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்தது. அண்ணன் ஒருநாள் பேச்சை ஆரம்பித்து, உனக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்றார். தெரியும், அதைத்தான் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை என்றாள் அவள், பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பலகைச் சரிவில் ஏறினாள். முதல் தடவை மேலே போய்விட்டாள். இரண்டாவது தடவையும். மூன்றாவதில் பாதி வழியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. நாற்காலி நின்றது. அண்ணன் இரண்டு எட்டு முன்னால் வந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் காட்டி நிறுத்தினாள். தாங்கு சக்கரங்களின் மேல் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு இடது கைக்கு அதிகம், வலது கைக்குக் கொஞ்சம் என்று சின்னச் சின்னத் தள்ளலாகத் தள்ளி உச்சிக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டின. அண்ணி தட்டவில்லை, உள்ளே போய் அலமாரியிலிருந்து நாத்தனாரின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

தங்கை இறங்கி வந்து மேசை முன்னால் நின்றாள். நாற்காலியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அவர் மற்றவர்களிடம் கேட்பது போலவே, சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவர் அவளிடம் வாங்க போங்க என்று பேசியது அதுவரை இல்லை. பழக்க தோஷத்தில் வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"சேர்ல குறை இல்ல" என்றாள் அவள். சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். வலது கை மேசைக்கு மேல் பாதிதான் வந்தது. அதை இறக்கிவிட்டு இடது கையை நீட்டினாள். சேர்க்காரர் ஸ்பேனரைத் துணியால் துடைத்து அதில் வைத்தார்.