அண்ணனுக்குப் படைத்த சோறு

அண்ணன் செத்த பிறகு அண்ணி என்னோடு இருக்க வந்தார். வேறு யாரும் கூப்பிடவில்லை, அதனால் வந்தார். பார்க்கிங் என்கிற ஊரில் என்னுடையது இரண்டு அறை ஃபிளாட். நான் கலியாணம் கட்டவில்லை. கட்டாததற்கு அண்ணனின் கடையும் ஒரு காரணம். அப்டன் பார்க்கில் அந்தக் கடையில் கறிவேப்பிலையும் உறைந்த மீனும் விற்றே என் நல்ல வயது போனது. ஞாயிறு காலை மட்டும் எனக்கு. அந்த நேரத்தில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு, இந்த ஊர் ஆறு தேம்ஸில் போய் விழுகிற இடத்துக்குப் போவேன்.

"குருவி பாக்கப் போறாவாம், துரைசானி!" என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். கடனுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நான் போகிற இடம் அழகான இடமில்லை. ஒரு பக்கம் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடம், மறுபக்கம் லொறிகள் நிற்கிற யார்டு. காற்றுத் திரும்பினால் மூக்கைப் பொத்த வேண்டும். ஆனால் தண்ணீர் வற்றினால் சேறு தெரியும், சேற்றில் புழு இருக்கும், புழுவுக்குப் பறவை வரும். மாரியில் கிளுவை வாத்துகள் கூட்டமாகக் கிடக்கும். சிவப்புக்கால் உள்ளான் ஓடி ஓடிக் குத்தும். நாற்றம் அவற்றுக்குப் பொருட்டில்லை. எனக்கும் இல்லை.

போன வசந்தத்தில், வேலிக்கு அப்பால் வீடு கட்டுவதற்கென்று இடித்துப் போட்டிருந்த நிலத்தில் ஒரு சோடி ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டது. எங்கள் நாட்டு ஆட்காட்டி இல்லை. இது தலையில் நீளக் கொண்டையும் பச்சை மினுங்கும் முதுகும் உள்ள வேறு சாதி. கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் தரையில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். தொலைநோக்கியோடு எப்போதும் அங்கே நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர்தான் எனக்குக் காட்டினார். இந்த இடத்தில் இது முட்டையிட்டுத் தான் கண்டதேயில்லை என்றார். ஒருவருக்கும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. அந்தக் குஞ்சுகள் பொரித்து எழும்பி நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். அந்த வருஷம் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணிக்கு வேண்டியிருந்தது காகம். அமாவாசைக்கு அண்ணனுக்குப் படைத்த சோற்றைக் காகம் எடுக்க வேண்டும். பல்கனியில் வைத்தால் புறா வந்தது. கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்து கத்தினாள். பிறகு அண்ணி பழைய கன்னியர் மடத்துக்குப் போனார். எந்தக் காலத்திலோ ஒரு ராசா இடிப்பித்த மடம். இப்போது முழங்கால் உயரத்துக்குக் கல்வரிசைகள் மட்டும் புல்லுக்குள் நிற்கின்றன. அதில் ஒரு கல்லின் மேல் இலையை விரித்துச் சோறும் வடையும் வைத்தார். அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது.

"அணில் திண்டாக் காணாதோ அண்ணி?"

"அணில் உன்ர அண்ணையோடி?"

கவுன்சில் வேலைக்காரன் வந்து, சரித்திர இடத்தில் சாப்பாடு போடக் கூடாது என்று இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு என்னோடு வெளிக்கிட்டார். "நானும் வாறன் பிள்ளை. டொக்டரும் நடக்கச் சொன்னவர்." ஆற்றுவாயில் வேலி முழுக்கக் காகம். அண்ணி நின்றுவிட்டார். "ஐயோ, இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அவர் பைக்குள் கைவிட்டபோதுதான் டிபன் பெட்டியைக் கண்டேன்.

"இஞ்ச வேண்டாம் அண்ணி. அந்தா, வேலிக்கு அங்கால முட்டை கிடக்கு. காகம் பழகினா விடாது."

"என்ர சோறைத் திண்டா அதுக்கு வயிறு நிரம்பிடும். பிறகேன் முட்டையைத் தேடுது?"

"பெட்டியைத் தாங்கோ."

தந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பிறகு ஒரு ஞாயிறு இருவரும் ஆற்றோர அணைக்கட்டில் ஏறினோம். அண்ணியின் பச்சைப் பையைக் கண்டதும் காகங்கள் வேலியிலிருந்து இறங்கி அவர் காலடிக்கே நடந்து வந்தன. பை வெறும் பை. ஆனால் அவை அவரைத் தெரிந்து வைத்திருந்தன. கொங்கிரீட்டில் காய்ந்த பருக்கைகள் ஒட்டிக் கிடந்தன. நான் இப்போதைய வேலைக்கு ஷிப்டில் போன நாட்களில் அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். அமாவாசைக்கு மட்டும் இல்லை, நினைத்த நேரமெல்லாம்.

ஆட்காட்டிகள் இரண்டும் மேலே கிடந்து கத்திக்கொண்டிருந்தன. ஒரு காகம் பள்ளத்திலிருந்து எழும்பியது. அலகில் முட்டை. இன்னொன்று உள்ளே தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

கிழவர் தொலைநோக்கியை மடக்கினார். "யாரோ இவற்றுக்குத் தீனி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள்" என்றார். எங்களைப் பார்க்காமல் சொன்னார். நேரே முகத்துக்குத் திட்டியிருக்கலாம். நானும் திருப்பித் திட்டியிருப்பேன். இந்த வெள்ளைக்காரர்களிடம் அந்த வசதியும் கிடைக்காது.

கிழவர் சொன்னது அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண் கலங்கி நின்றார். "பார் பிள்ளை, என்னைக் கண்டு பயப்பிடேல்லை. அவர்தான். வந்திட்டார்."

"ஓம், வந்திட்டார். முட்டையையும் திண்டிட்டார். உயிரோட இருக்கேக்கையும் மற்றவையின்ர வாயில இருந்து பறிச்சுத் திண்டவர்தானே. செத்தும் திருந்தேல்லை."

அண்ணி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"நீ எனக்குச் சொல்றியோ? கடை பூட்டினாப் பிறகு நீ உன்ர வீட்டை போயிடுவாய். நான்தான் அந்த மனிசனோட இருந்தனான். பசிச்சாரெண்டா வீட்டை வருவார். வரக்கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் கொண்டு வந்து போடுறன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அண்ணனின் கை எப்படி அடிக்கும் என்று எனக்கும் தெரியும். இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பயத்துக்கு என் முட்டைதானா கிடைத்தது என்றுதான் தோன்றியது.

"குருவிதானே, திரும்பவும் போடும்" என்றார் அண்ணி.

போடவில்லை. கொஞ்ச நாள் சுற்றிச் சுற்றிக் கத்தின. பிறகு காணவில்லை. கோடையில் மண் தோண்டுகிற மெஷின் வந்து அந்த நிலத்தைப் புரட்டியது.

அண்ணி இப்போதும் என் வீட்டில்தான். இப்போதும் பஸ் ஏறிப் போகிறார். நான் தடுப்பதில்லை, அவர் பயம் அவருக்கு. ஞாயிறில் அவரைக் கூட்டிக்கொண்டு போவதில்லை, அவ்வளவுதான். தனியாகப் போகிறேன். ஆனால் அவரோடு நடந்த என்னையும் காகங்கள் அடையாளம் பிடித்துவிட்டன. நான் வெறுங்கையோடு போனாலும் அணைக்கட்டு முழுக்கப் பின்னால் வருகின்றன. நான் நிற்கிற இடத்தில் வேறொரு பறவையும் இறங்குவதில்லை. கிழவர் என்னைக் கண்டால் எழும்பித் தூரப் போகிறார். போன ஞாயிறு கல்லெடுத்து எறிந்தேன். காகங்கள் விலகிப் போய், நான் எறிந்தது சோறில்லை என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்தன.