சோதனை வேண்டாம் என்று எழுதிய சீட்டு

முழங்கால் உடைந்து பந்தாட்டத்தை விட்ட பிறகு, எங்கள் தங்கச் சுரங்க கேம்ப்பின் விளையாட்டு ரைட்டராக என்னை வைத்துக்கொண்டார் வெள்ளைக்கார துரை. மைதானத்தில் கோடு போடுவது, மற்ற கேம்ப்புகளுக்குக் கடிதம் எழுதுவது, ஆட்டக்காரர்களுக்கு ஷிப்ட் மாற்றி வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. பத்து வருஷம் ஆடினவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். மண்டைக்கனம்தான்.

முதல் வருஷமே கோரமண்டல் கேம்ப்போடு ஆட்டம், மாலை நாலு மணிக்கு. எங்கள் பார்வர்டு முனிசாமிக்கும் கோல்கீப்பர் சின்னப்பனுக்கும் அன்று பகல் ஷிப்ட். அதை மாற்றி வாங்க மறந்துவிட்டேன். மூன்று மணிக்கு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தாலும், யாராவது தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று ஒவ்வொருவராகத் துணியை உதறிப் பார்ப்பார்கள். அந்த வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். என் தப்பை மூடி மறைக்க, இருவரையும் சோதனை போடாமல் விடும்படி துரையிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு சுரங்கக் குழியான ஷாப்ட்டின் வாசலில் நின்றேன்.

முனிசாமி சீட்டைத் தொடக்கூட இல்லை.

"வேணாம் ரைட்டரே. நாளைக்கு கீழ ஏதனா காணாம பூட்சின்னா, மொதல்ல இந்தச் சீட்டுல கீற பேரத்தான் தேடுவாங்க."

சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். சின்னப்பன் மட்டும் என்னோடு வந்தான். முனிசாமி மைதானத்துக்கு வரும்போது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. தோற்றோம். அவன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் நான் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆட்டம் நடந்த அன்று அந்தப் பகல் ஷிப்டில் தங்கக் கல் காணாமல் போயிருந்தது அடுத்த வாரம் தெரியவந்தது. சுரங்கக் காவலுக்கு இருந்த வாட்ச்காரர்கள் நேராகச் சின்னப்பன் வீட்டுக்குப் போனார்கள். தரையைத் தோண்டி, அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

சேதி கேட்டு ஓடினேன். அவன் மனைவி ஆரோக்கியம் மண்ணிலிருந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடச் சொன்னேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"வந்து தோண்டுனத இந்த லைன் ஊட்டு சனம் பூரா பார்த்துச்சு. ஒண்ணும் கெடைக்கலன்னு யாருண்ணா ஊடு ஊடா போயி சொல்லுவாங்க?"

நான் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. சின்னப்பன் அதன்பின் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

பிறகு நான் இருந்தவரை, சோதனை வரிசை முடிந்தபின்தான் ஆட்டம் தொடங்கியது. வெளிச்சம் போகிறது என்று துரைகள் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். ஆட்டக்காரனுக்குச் சலுகை வாங்குமுன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று சின்னப்பனும் வரிசையைப் பார்த்துத் தயங்கித்தான் நின்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்.