பௌர்ணமியன்று ஆறிய ஃபர்னஸ்

ஃபர்னஸ் குழாயின் வாயில் தெரியும் அந்த ஆரஞ்சு வெளிச்சம்... எதிரே நின்றால் முகம் காயும், முதுகில் வியர்வை ஓடும். திருவண்ணாமலையில் எம்.எஸ்சி. படித்தபோது என் ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

மாதக்கணக்கில் வளர்த்த படிகத்தை அப்பளம் போல மெல்லிய வேஃபர்களாக அறுத்து, சூடேற்றி, மிக மெதுவாக ஆற்ற வேண்டும். அவசரப்பட்டால், சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய கதைதான். மற்றவை எல்லாம் விரிசல் விட்டு, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் ப்ராஜெக்ட் இல்லை. உடைந்த துண்டுகளையே அதற்கு மேலும் கீழும் போர்வையாக வைத்திருந்தோம், நானும் லேப் தோழி ரேவதியும்.

அன்று பௌர்ணமி. கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தால் ஃபர்னஸின் டிஸ்ப்ளே இருண்டு கிடந்தது. லேப் அட்டெண்டர் குமார் அண்ணன் சாவியோடு நின்றார்.

"நீங்க ஊருக்குக் கெளம்பிட்டீங்கன்னு மெயின ஆஃப் பண்ணிட்டேம்மா. மலை சுத்தப் போவணும்ல."

"உள்ள வேஃபர் இருக்குதுண்ணா..." என்றேன்.

"அடக்கடவுளே. திரும்பப் போட்டுடட்டா?"

"வேணாங்கண்ணா. போட்டா மொதல்லேர்ந்து சூடு ஏத்த ஆரம்பிச்சுடும்."

ரேவதி குழாய் வாயருகே குனிந்தாள். "ஒரே ஒரு வாட்டி இழுத்துப் பாத்துடலாம்டி."

"தொட்டேன்னா அது உடையறதுக்கு முன்னாடி உன் கை உடையும்."

ஃபேனை நிறுத்தினோம். ஜன்னல்களைச் சாத்தினோம். குழாயின் இரண்டு வாயிலும் செராமிக் பஞ்சைத் திணித்து அடைத்தோம். ஃபர்னஸின் செங்கல் சுவரில் இருக்கும் சூடு தானாக இறங்கட்டும்... அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

பூட்டும்போது அண்ணன் சொன்னார். "உங்களுக்கும் சேத்து சுத்திட்டு வரேன்மா."

"எங்களுக்கு வேணாண்ணா, வேஃபருக்கு வேண்டிக்கங்க," என்றாள் ரேவதி.

மறுநாள் காலை, அண்ணன் கால் வலியோடு தாங்கித் தாங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். குழாய் ஜில்லென்று இருந்தது. மேலே வைத்த துண்டுகளை எடுத்துவிட்டு, வேஃபரை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

ஒரு கோடு இல்லை.

"முழுசா இருக்குதுடி..." தூக்கிக் காட்டினேன். ரேவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்தான் சிரித்துக்கொண்டே டீ வாங்கி வந்தார்.

இப்போது பெங்களூரில் வேலை. கரண்ட் போனாலும் ஃபர்னஸ் நிற்காது. எந்த வேகத்தில் ஆற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பெட்டி பெட்டியாக முழு வேஃபர்கள் வருகின்றன. எது உடையுமோ என்று பயப்படாமல் வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும்... நல்லபடியாக வந்த ஒன்றை யாரிடமாவது தூக்கிக் காட்ட வேண்டும் என்று இங்கே ஒருநாளும் தோன்றியதில்லை.