பச்சைத் தலைச் சாவி

பேருந்து நிலையத்தின் பின்வாசலில் என் தையல் மிஷினும் அக்காவின் சாவி மிஷினும் பதினோரு வருடமாக ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் அக்கா. வருகிறவர்களுக்கு அவள் சாவிக்காரம்மா. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என் வேலை. அதோடு ஊர் வம்பு பேசுவதும். அவளோ பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பாள். சாவியை வாங்குவாள், சக்கரத்தை ஓடவிடுவாள், பித்தளைத் தூளை ஊதிவிட்டு நீட்டுவாள்.

வெட்டி முடித்த சாவியின் கழுத்தில் முக்கோண அரத்தால் சின்னதாக ஒரு கீறல் போடுவது அவள் பழக்கம். சாவி திரும்பவில்லை என்று யாராவது வந்து நின்றால் முதலில் அந்தக் கீறலைத்தான் தேடுவாள். இருந்தால் அது தன் வேலை; காசு வாங்காமல் வேறு வெட்டிக் கொடுப்பாள். ஊரார் செய்த தப்புக்கும் தானே பொறுப்பு என்று நினைக்கிற பிறவி அது. எனக்கு அதில் கோபம் உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன் மருந்துக்கடைச் சீருடையில் ஒரு பெண் வந்து தன் வீட்டுச் சாவிக்கு நகல் கேட்டாள். பிளாஸ்டிக் தலை வைத்த, இன்னும் பல் வெட்டாத வெற்றுச் சாவிகள் கொக்கியில் தொங்கின. பச்சையைத் தொட்டுக் காட்டினாள்.

"அவருக்கு மறதி ஜாஸ்திக்கா. கலரா இருந்தாத்தான் கண்டுபிடிப்பாரு."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்," என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்கா பேயறைந்த முகத்தோடு வந்தாள். கடையைத் திறக்காமல் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து கணவரின் சாவிக்கொத்து விழுந்ததாம். அதில் பச்சைத் தலை.

"பச்சைத் தலை ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்," என்றேன்.

"கழுத்துல என் கீறல் இருக்கு. பச்சையில நான் வெட்டினது அது ஒண்ணுதான். மீதி இன்னும் கொக்கியிலதான் தொங்குது."

அவள் கணவர் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். மாமா, மாமா என்று கூப்பிட்ட வாய் என்னுடையது. இப்போது அதில் வருகிற வார்த்தையை எழுத முடியாது. புதுச் சாவி என்ன என்று அக்கா பொதுவாகக் கேட்டதற்கு, குடோன் பின்கதவுச் சாவி என்று சொல்லியிருக்கிறார்.

"நேரா கேளுக்கா."

"கேட்டா போயிடுவாருடி."

அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா அப்பாவிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. தப்பு செய்ததால் போனார் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. அம்மா கேட்டதால் போனார் என்றே மனதில் பதிந்துவிட்டது. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதற்குப் பிறகு அவள் பயத்திலேயே வாழ்ந்தாள். அவர் தாமதமாக வந்தால் பயம். சீக்கிரம் வந்துவிட்டால், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாரோ என்று அதைவிடப் பயம். அவர் பெட்டியைக் கீழே இறக்கினால், துணி அடுக்கத்தானோ என்று பயம். ஏதோ பழைய ரசீது தேடத்தான் இறக்கியிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஐந்து வாரத்தில் அவளுடைய ரவிக்கைகளை எல்லாம் நான்தான் பிடித்துத் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கியபோது, கைப்பையிலிருந்து அரத்தை எடுத்துப் பச்சைச் சாவியின் ஒரு பல்லை ராவிவிட்டாள். இரண்டே இழுப்பு. அந்தக் கதவு திறக்காவிட்டால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். குழந்தைகூட இப்படி யோசிக்காது. மறுநாள் என்னிடம் வந்து சொன்னாள்.

புதன்கிழமை அந்த மருந்துக்கடைப் பெண் வந்து நின்றாள். என் ஊசி துணியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க வெட்டின சாவி இப்பத் திரும்பவே மாட்டேங்குது. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு."

"சாவியக் கொண்டு வாங்க. பாத்தாத்தான் தெரியும்."

"அவருகிட்ட இருக்கு."

"அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க," என்றாள் அக்கா. எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். அந்தப் பெண் போனதும் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னடி சொல்லிட்டேன்?" என்று என்னைக் கேட்டாள்.

இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை அவளுக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். முன்னால் அந்தப் பெண், மூன்றடி பின்னால், போனைப் பார்த்துக்கொண்டே, அக்காவின் கணவர். எந்தக் கடைக்குப் போகிறோம் என்று அவரும் கேட்டிருக்க மாட்டார், அவளும் சொல்லியிருக்க மாட்டாள். தலையை நிமிர்த்தியபோது எங்கள் தகரக் கூரைக்கு நாலு அடி தூரத்தில் இருந்தார். அதற்குமேல் கால் நகரவில்லை.

"குடுங்க," என்று அந்தப் பெண்ணே அவர் கையிலிருந்து கொத்தை வாங்கி அக்கா முன்னால் வைத்தாள். "இதுதான்க்கா."

அக்கா கொத்தைக் கையில் எடுத்தாள். கத்தப்போகிறாளோ, மயங்கி விழப்போகிறாளோ என்று எழுந்து பக்கத்தில் போனேன். அவள் பச்சைச் சாவியைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தாள். பழக்கதோஷம்.

"என் வேலைதான். தப்பும் என்னுதுதான்," என்றாள் மெதுவாக. "இந்தப் பல்ல நான்தான் ராவினேன்."

"நீங்களா? எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமை. அவரு சாப்பிட்டுத் தூங்கும்போது."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. அக்காவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"உங்க வீட்டுக்காரம்மா ஊர்ல இருக்காங்கன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அவரிடம்.

அக்கா அந்தப் பெண்ணிடம் கை நீட்டி அசல் சாவியை வாங்கி, மிஷினைப் போட்டாள். புதிதாக வெட்டி, தூளை ஊதி, கீறல் போட்டு, அசலும் நகலுமாக இரண்டு சாவியையும் அவளிடமே கொடுத்தாள். காசு வாங்கவில்லை. கொத்திலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அந்தப் பெண் இரண்டு சாவியோடும் தனியாகப் போனாள். அவரும் கொத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்தார். எனக்குக் கத்தரிக்கோலை எடுத்து வீச வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வாடி. தனியாப் போக பயமா இருக்கு."

போனேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. விளக்குப் போட்டுவிட்டு, கதவை உள்ளே தாழிட்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். படியில் யார் ஏறினாலும் அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"வந்துட்டாரு," என்று நான் எழுந்தேன். அவள் என்னை இழுத்து உட்காரவைத்தாள். தானே கதவருகே போனாள். திறக்கவில்லை. மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாளா?"

வெளியிலிருந்து அவர் குரல் வந்தது, "எட்டு மாசம்."

முதுகு குலுங்கியது அவளுக்கு. அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் குரல் உடையவில்லை.

"அந்தப் பொண்ணு மறுபடியும் அந்தச் சாவிய நீட்டினா வாங்கிப்பீங்களா?"

"முதல்ல கதவத் திற. பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்க. உள்ள வந்து பேசலாம்."

"உள்ள வந்துட்டீங்கன்னா, எங்க விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்து நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றாள் அக்கா. "அங்கயே நின்னு சொல்லுங்க."